பேச்சலருக்குப் பெண்பால் ஸ்பின்ஸ்டர்தானா?

கேள்வி இது: "பள்ளிக்கூட கிராமரில் பேச்சலர்–ஸ்பின்ஸ்டர் என்று ஆண்பால் பெண்பால் ஜோடியாக மனப்பாடம் செய்தோம். வெளிநாட்டு விண்ணப்பம் ஒன்றில் என் தங்கைக்கு ஸ்பின்ஸ்டர் என்று எழுதப் போனேன். அது மரியாதையாக இருக்காது என்று தடுத்துவிட்டார்கள். ஏன்? பி.ஏ. பட்டத்தில் வரும் பேச்சலரும் கல்யாணமாகாத பேச்சலரும் ஒரே சொல்தானா? மிஸ், மிஸஸ் எல்லாம் எங்கிருந்து வந்தன?"

தடுத்தவர் சொன்னது சரி. இன்றைய விண்ணப்பங்களில் ‘சிங்கிள்’ அல்லது ‘நெவர் மேரீட்’ என்று எழுதினால் போதும். விவாகரத்தானவரும் கணவரை இழந்தவரும் தங்களுக்கென்று தனிக் கட்டம் இருக்கும்போது ‘சிங்கிள்’ என்று எழுதக் கூடாது. விசா போன்றவற்றில் இது சிக்கலாகிவிடும். பட்டத்துப் பேச்சலர் பற்றிக் கேட்டீர்களே, அதுவும் இதே சொல்தான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பின்னால் இருக்கும் கதை நல்ல கதை, சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் கல்யாணமாகாதவரைக் குறிக்கும் பழைய சொற்களைத் தோண்டினால் அடியில் கல்யாணமே இருக்காது. என்ன வேலை செய்கிறார், யாருக்குக் கீழே இருக்கிறார், சொந்தமாக வீடு வாசல் உண்டா என்பவைதான் இருக்கும். கல்யாணம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஸ்பின்ஸ்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்பின் என்றால் நூற்பது. ‘ஸ்டர்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிலைச் செய்யும் பெண்ணைக் காட்டிய விகுதி. நம் உழத்தி, குறத்தியில் வரும் ‘த்தி’ மாதிரி. நெய்பவள் வெப்ஸ்டர், ரொட்டி சுடுபவள் பேக்ஸ்டர், பீர் காய்ச்சுபவள் ப்ரூஸ்டர். காலப்போக்கில் அந்தத் தொழில்களில் ஆண்கள் நுழைந்ததும் விகுதியின் பெண் அடையாளம் கரைந்து, சொற்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின. 1828-இல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு அகராதி தந்த நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயருக்கு வேர்ப்பொருள் நெசவுக்காரி. தையல்காரியைக் குறித்த சீம்ஸ்டரில் பெண்மை மங்கிவிட்டதால் அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியை ஏற்றி சீம்ஸ்ட்ரெஸ் ஆக்கினார்கள். பிறகு கேங்ஸ்டர், யங்ஸ்டர் என்று யாருக்கு வேண்டுமானாலும் அந்த வால் ஒட்டியது. இத்தனைக்கும் நடுவே பெண்மை போகாமல் மிஞ்சிய சொல் ஸ்பின்ஸ்டர் ஒன்றுதான்.

காரணம் எளிது. நூற்பு பெண்களின் கையைவிட்டுப் போகவில்லை. கைராட்டினக் காலத்தில் ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பேர் உட்கார்ந்து நூற்க வேண்டியிருந்தது. முதல் பெரிதாக வேண்டாம், வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், கிழவியும் செய்யலாம், சிறுமியும் செய்யலாம். வருமானத்துக்கு வேறு வழியில்லாத பெண்ணுக்கு அதுதான் கைகொடுத்தது. இது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய காட்சியும் இல்லை. நற்றிணை 353-ஆம் பாட்டில் கபிலர் மலைமேல் தவழும் மழைமேகத்துக்கு உவமை தேடும்போது, "ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்கு நுண் பனுவல்" என்கிறார். ஆண் துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய நூல். புறநானூற்றிலும் பருத்திப் பெண்டு வருகிறாள். ஆளில்லாத பெண்ணும் நூலும் சேர்ந்தே நினைவுக்கு வரும் அளவுக்கு அந்தக் காட்சி நம் ஊரிலும் பழகிப்போனது. நல்லவேளையாகத் தமிழில் அது வசையாக மாறவில்லை.

ஆங்கிலத்தில் அதை மாற்றிய கதை நீதிமன்றத்தில் தொடங்குகிறது. 1413-இல் ஐந்தாம் ஹென்றி மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்லது பிரதிவாதி பெயரை எழுதினால் பக்கத்திலேயே அவருடைய நிலை அல்லது தொழில், ஊர் இவற்றையும் எழுத வேண்டும். ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால் எந்த ஜான் என்று தெரிய வேண்டுமே. ஆண்களுக்கு எழுதுவது எளிது: தையல்காரர், குடியானவர், கூலியாள், கனவான். பெண்களில் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் விதவை’ என்று எழுதிவிடலாம். இரண்டிலும் அடங்காத பெண்ணுக்கு எழுத்தர் என்ன எழுதுவார்? அவள் நூற்கிறாள், ஸ்பின்ஸ்டர் என்று போட்டார். நாளடைவில் அவள் நூற்கிறாளா இல்லையா என்று கேட்பதையே விட்டுவிட்டார். ஜான் மின்ஷூ என்பவர் 1617-இல் வெளியிட்ட அகராதி, இது நம் சட்ட வழக்கில் தனித்த பெண்ணின் பெயரோடு சேர்க்கப்படும் அடைமொழி என்றே விளக்குகிறது. அதற்குள் தொழில்பெயர், கட்டத்தை நிரப்பும் பெயராகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்துக் குற்றப்பத்திரிகைகள் சிலவற்றில் ஒரே பெண்ணை ‘இன்னாரின் மனைவி’ என்றும் ‘ஸ்பின்ஸ்டர்’ என்றும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். மணமான ஸ்பின்ஸ்டர்! அதனால் பழைய ஆவணங்களில் வம்சாவளி தேடுபவர்கள் இந்தச் சொல்லைக் கண்டதும் ‘கல்யாணமாகாதவள்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சட்டம் ‘தனித்த பெண்’ என்று பிரித்துவைத்தது சும்மா இல்லை. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற நிலையே கிடையாது. கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே நபர் என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1765-இல் எழுதிவைத்தார். அந்த ஒரே நபர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவள் சம்பாதித்தது அவனுடையது. அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது, அவன் ஒப்புதல் இல்லாமல் உயில் எழுத முடியாது. வயது வந்த ஸ்பின்ஸ்டருக்கு இவை அத்தனையும் முடியும். காசு கொடுத்து வட்டி வாங்கலாம், கடை நடத்தலாம், சொத்தைத் தன் விருப்பப்படி எழுதிவைக்கலாம். மணமான பெண்ணுக்கு அந்த உரிமை பெருமளவில் கிடைத்தது 1882-இல் வந்த மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தால்தான். ஆக, பல நூற்றாண்டுகள் பத்திரத்தில் ஸ்பின்ஸ்டர் என்று கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்தால், ‘இவள் கையெழுத்து செல்லும்’ என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட சொல் எப்படிக் கேலியாயிற்று? 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘வயது கடந்தும் மணமாகாதவள்’ என்ற சாயல் ஏறத் தொடங்கிவிட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு இயந்திரமும் அதைத் தொடர்ந்து வந்த ஆலைகளும் கைநூற்பைத் தின்றுவிட்டன. தொழில் போனது, பெயர் மட்டும் நின்றது. என் கணிப்பில் சொல்லின் வீழ்ச்சிக்கு இது முக்கியக் காரணம். செய்யும் வேலையைச் சொன்ன சொல்லில் வேலையை எடுத்துவிட்டால், இல்லாத கணவன் ஒருவன்தான் மிச்சம்.

அடுத்த அடி மக்கள்தொகைக் கணக்கால் விழுந்தது. 1851 கணக்கெடுப்பில் பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அதிகம் என்று தெரியவந்தது. உடனே பத்திரிகைகளில் ‘உபரிப் பெண்கள்’ என்ற பேச்சு. டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர் 1862-இல் எழுதிய கட்டுரை, பெண்கள் ஏன் தேவைக்கு அதிகமாகிவிட்டார்கள் என்பதையே தலைப்பாகக் கொண்டது. அவர் சொன்ன வைத்தியம், உபரியைக் கப்பலேற்றி ஆண்கள் மிகுந்த குடியேற்ற நாடுகளுக்கு அனுப்புவது. சரக்கு மேலாண்மை பற்றிய கட்டுரை போல இருக்கும்.

கப்பல் என்றதும் நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கில அதிகாரிகளை மணக்கும் நோக்கத்தோடு குளிர்காலத்தில் கப்பலேறி வந்த இளம்பெண்களை ‘மீன்பிடிப் படகுக் கூட்டம்’ என்று அவர்களுக்குள்ளேயே கிண்டலடித்தார்கள். பம்பாய், கல்கத்தா, சென்னையில் விருந்து, நடனம் எல்லாம் முடிந்து மாப்பிள்ளை அமையாமல் திரும்பிய பெண்ணுக்கு ‘திரும்பிப் போகும் காலிப் பெட்டி’ என்று பெயர். சோடா பாட்டில் கணக்கில் காலியைத் திருப்பி அனுப்புவோமே, அதே சொல். ஆங்கிலேயர்கள் நாகரிகத்துக்குப் பேர்போனவர்கள் என்று நம்மவர்கள் நம்பிய காலம் அது.

‘ஓல்ட் மெய்ட்’ இதைவிடப் பழைய கேலி. 16-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. அதே பெயரில் குழந்தைகளின் சீட்டாட்டம் இருக்கிறது. கட்டிலிருந்து ஒரு ராணியை எடுத்து ஒளித்துவிட்டு விளையாடுவார்கள். எல்லாச் சீட்டும் ஜோடி சேர்ந்து இறங்கிவிடும். ஜோடியில்லாத ராணி யார் கையில் மிஞ்சுகிறதோ அவர் தோற்றவர். அமெரிக்காவில் பாப்கார்ன் பொரிக்கும்போது பொரியாமல் அடியில் தங்கிவிடும் சோளத்துக்கும் பேச்சுவழக்கில் இந்தப் பெயர் உண்டு. ஏழு வயதுக் குழந்தைக்குச் சீட்டு மூலமாகவும் தின்பண்டம் மூலமாகவும் சொல்லிக்கொடுத்தால் வேறு பாடப்புத்தகம் எதற்கு?

மெய்ட், மெய்டன் இரண்டும் ஒரே வேர். பழைய ஆங்கிலத்தில் மணமாகாத இளம்பெண். இடைக்காலத்தில் பெண் தொடர்பு அறியாத ஆணையும் மெய்ட் என்று சொன்னதுண்டு; அந்தப் பொருள் சீக்கிரம் செத்துவிட்டது. மணமாகாத பெண்கள் பலர் பிறர் வீட்டில் வேலைக்கு இருந்ததால் மெய்டுக்கு வேலைக்காரி என்ற பொருள் வந்தது. நம் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுக்களில் ‘மெய்ட் இன்று வரவில்லை’ என்று புலம்பப்படுபவர் பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர்.

மெய்டனுக்கு இன்னொரு கிளை. தொடப்படாதது, முதல்முறை நடப்பது என்ற பொருள். எதிரி கைப்பற்றாத கோட்டை மெய்டன் கோட்டை. கப்பலின் முதல் பயணம், நாடாளுமன்றத்தில் முதல் பேச்சு எல்லாம் மெய்டன். கிரிக்கெட்டில் ரன் விழாத ஓவர் மெய்டன் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்த நீதிபதிகளுக்கு ஓர் ஊரில் விசாரிக்கக் குற்ற வழக்கே இல்லையென்றால் அதற்கு மெய்டன் அசைஸ் என்று பெயர். நீதிபதிக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை பரிசளிப்பார்கள். இதற்கு நேர் எதிராக, எடின்பரோவில் 1564 முதல் 1710 வரை தலை வெட்டிய பொறிக்கும் மெய்டன் என்றுதான் பெயர். இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இப்போது பேச்சலர். பழைய பிரெஞ்சிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதன் பொருள் இளம் போர்வீரன். இன்னொரு பெரிய வீரனின் கொடிக்குக் கீழே போருக்குப் போகும் நைட். அதற்கும் முன்னால் லத்தீனில் என்னவாக இருந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பிறர் நிலத்தில் உழும் குத்தகைக் குடியானவனைக் குறித்த பக்கலாரியுஸ் என்ற சொல்லோடு இணைப்பவர்கள் உண்டு. பசுவைக் குறிக்கும் லத்தீன் வேர் வரை இழுப்பவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், கீழ்ப்படியில் நிற்பவன், இன்னும் சொந்தமாக ஒன்றும் சம்பாதிக்காதவன் என்ற கருத்து எல்லா இடத்திலும் தொடர்கிறது.

கொடி என்று சொன்னேன். அந்தக் கொடியிலேயே விஷயம் இருந்தது. பேச்சலர் நைட்டின் கொடி நுனியில் வாலோடு நீண்டிருக்கும். தன் சொந்தப் படையைத் திரட்டிவரும் நைட்டின் கொடி சதுரம். அவனுக்கு பேனரெட் என்று பெயர். பதவி உயர்வு என்றால் கொடியின் வாலை வெட்டிச் சதுரமாக்குவது. 1367-இல் ஸ்பெயினில் நாஹெரா போருக்கு முன்பு, ஆங்கிலேயத் தளபதி ஜான் சாண்டோஸ் தன் சுருட்டிய கொடியைக் கொண்டுவந்து இளவரசர் எட்வர்ட் முன் நீட்டினார். பேனர் பிடிக்கும் அளவுக்கு எனக்கு இப்போது நிலமும் வசதியும் இருக்கின்றன என்று சொல்லிக் கேட்டார். அங்கேயே கொடி விரித்துக் கொடுக்கப்பட்டது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதுகிறார். கவனியுங்கள், அவர் ‘வீரம் இருக்கிறது’ என்று கேட்கவில்லை. நிலம் இருக்கிறது என்றுதான் கேட்டார்.

பல்கலைக்கழகம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் இதே தர்க்கத்தில்தான். 13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் படிப்பு ஒரு தொழில் குழாம் மாதிரி நடந்தது. முழுத் தகுதி பெற்று, தானே மாணவர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் உரிமை உள்ளவர் மாஸ்டர். அதற்கு முந்தைய படியில், ஒரு மாஸ்டருக்குக் கீழே இருந்தபடி பாடம் சொல்லிப் பழகுபவர் பேச்சலர். லண்டனின் தையல் வணிகர் குழாமிலும் கீழ்நிலை உறுப்பினர்களுக்கு பேச்சலர்கள் என்ற பிரிவு இருந்தது. ஆகவே பி.ஏ. என்றால் கலைகளில் கைக்கூட்டாள், எம்.ஏ. என்றால் மேஸ்திரி. பின்னால் வந்த லத்தீன் பண்டிதர்களுக்கு இந்தக் குடியானவ வாசனை பிடிக்கவில்லை. லாரல் மரத்தின் கனி என்று பொருள்படும்படி எழுத்தைத் திருகி பக்கலாரியுஸை பக்கலௌரெயுஸ் என்று பளபளப்பாக்கினார்கள். பக்கலாரியேட் என்று இன்று சில பள்ளிகள் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் படிப்பின் பெயரில் ஒட்டியிருப்பது அந்தப் போலி லாரல்தான்.

கல்யாணமாகாதவன் என்ற பொருள் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் தெளிவாகத் தெரிகிறது. வழி எப்படி என்று ஊகிப்பது கடினமில்லை. நிலமில்லாத இளைஞனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். படியில் கீழே நிற்பவன், கல்யாணமாகாதவன் இருவரும் பெரும்பாலும் ஒரே ஆள்.

இதன் மறுபக்கம் ஹஸ்பண்ட் என்ற சொல்லில் இருக்கிறது. இது வட ஐரோப்பாவின் வைக்கிங் மொழியிலிருந்து வந்தது. ஹூஸ் என்றால் வீடு, போண்டி என்றால் குடியிருந்து ஆள்பவன். வீட்டுக்காரன்! நம் பெண்கள் ‘எங்க வீட்டுக்காரர்’ என்று சொல்வதும் அப்படியே இதுதான், யாரும் யாரிடமும் கடன் வாங்காமல். முதலில் அது வீட்டுத் தலைவனைக் குறித்தது. கணவன் என்ற பொருள் 13-ஆம் நூற்றாண்டு முடிவில்தான் வருகிறது. விவசாயம், கால்நடை வளர்ப்பு எல்லாம் ஹஸ்பண்ட்ரி என்று சொல்லப்படுவது பழைய பொருளின் மிச்சம். வைஃப் என்பதற்கு அடிப்படைப் பொருள் வெறும் பெண். மருத்துவச்சியைக் குறிக்கும் மிட்வைஃபில் அது இன்னும் தெரிகிறது. ஆண் கணவனாவதற்கு வீடு வேண்டும், பெண் மனைவியாவதற்குப் பெண்ணாக இருந்தால் போதும் என்று அந்த மொழி நினைத்திருக்கிறது.

நைட் பேச்சலர் இன்றும் இருக்கிறது. எந்த வீரர் குழாமிலும் சேராமல் தரப்படும் ‘சர்’ பட்டம் அது. நம் சி. வி. ராமனுக்கு 1929-இல் கிடைத்தது இதுதான். அவர் லோகசுந்தரியை மணந்தது 1907-இல். கல்யாணமாகி 22 வருடம் கழித்து அதிகாரபூர்வமாக பேச்சலர் ஆனவர்! இந்த நைட் பேச்சலருக்குப் பெண்பால் கிடையாது. பெண்களுக்கு வேறு வரிசையில் டேம் பட்டம் தருகிறார்கள். பி.ஏ.விலும் பேச்சலரைப் பெண்ணாக்க யாரும் ஸ்பின்ஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் என்று கேட்கவில்லை. அந்தப் பேச்சலர் பட்டத்தையே பெண்களுக்குக் கொடுக்கத்தான் தயங்கினார்கள்: ஆக்ஸ்ஃபோர்டு 1920 வரை, கேம்பிரிட்ஜ் 1948 வரை.

பேச்சலருக்குச் சிரமமே இல்லையா என்றால், ஒருமுறை வரி போட்டார்கள். பிரான்ஸோடு நடந்த போருக்குப் பணம் தேடிய இங்கிலாந்து அரசு 1695-இல் பிறப்பு, திருமணம், சாவு மூன்றுக்கும் வரி விதித்தது. இந்த மூன்றிலும் சிக்காதவனை விடலாமா? 25 வயதுக்கு மேற்பட்ட பேச்சலரும் பிள்ளையில்லாத, மனைவியை இழந்தவரும் ஆண்டுக்குக் குறைந்தது ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும். அந்தஸ்து ஏற ஏற வரியும் ஏறும். 1706 வரை ஓடியது. ஸ்பின்ஸ்டர்களுக்கு இந்த வரி இல்லை. ஏனோ தெரியவில்லை, இதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்த நாற்பது வயது நண்பர்கள் எல்லோரும் சட்டென்று ஜிஎஸ்டி பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மிஸ், மிஸஸ் கதைக்கு வருகிறேன். இரண்டும் மிஸ்ட்ரெஸ் என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். மிஸஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ஆர் வருகிறதே, உச்சரிப்பில் இல்லாத அந்த ஆர் அங்கிருந்து வந்தது. மிஸ்ட்ரெஸ் என்றால் எசமானி, மாஸ்டரின் பெண்பால். வேலையாட்களை, பயிற்சிப் பிள்ளைகளை, ஒரு கடையை ஆள்பவள். அவளுக்குக் கணவன் உண்டா என்பது கேள்வியே இல்லை. 18-ஆம் நூற்றாண்டு முழுக்க, சொந்த வியாபாரம் நடத்திய மணமாகாத பெண்களும் மிஸஸ்தான் என்று வரலாற்றாய்வாளர் ஏமி எரிக்சன் காட்டியிருக்கிறார். பெரிய வீடுகளில் தலைமைச் சமையல்காரிக்கும் வீட்டு நிர்வாகிக்கும் கல்யாணமாகாவிட்டாலும் மிஸஸ் போட்டு அழைக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தது.

மிஸ் தொடக்கத்தில் அவ்வளவு நல்ல பேர் எடுக்கவில்லை. ஜான் ஈவ்லின் 1662 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் ஒரு நாடக நடிகையைப் பற்றி எழுதும்போது, ஒழுக்கம் கெட்ட பெண்களை இந்நாளில் இப்படித்தான் அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று மிஸ் என்ற சொல்லைக் குறிப்பிடுகிறார். அதே காலத்தில் அது சிறுமிகளுக்கும் வழங்கியது. பிறகு சிறுமிப் பொருள் வென்று, மெல்ல வயதில் ஏறி, மணமாகாத கௌரவமான பெண்ணுக்கு உரியதாயிற்று. மிஸ்ட்ரெஸ் என்ற முழுச் சொல்தான் கடைசியில் ஆசைநாயகிக்குப் போய்ச் சேர்ந்தது. மாஸ்டருக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை. அவர் வாத்தியாராகவும் வல்லுநராகவும் சௌக்கியமாக இருக்கிறார். நம் ஊர்ப் பள்ளிகளில் மட்டும் ஓய்வுபெறப் போகிற ஆசிரியையையும் பிள்ளைகள் ‘மிஸ்’ என்றே கூப்பிடுகிறார்கள். அதில் கல்யாணமும் இல்லை, வயதும் இல்லை. ஆள்பவள் என்ற பழைய பொருள்தான் இருக்கிறது.

ஆணுக்கு மிஸ்டர் ஒன்றே போதும், பெண்ணுக்கு மட்டும் ஏன் இரண்டு என்ற கேள்விக்கு விடையாக வந்தது எம்.எஸ். என்று எழுதப்படும் மூன்றாவது அடைமொழி. மிஸ் மாதிரியே ஒலித்தாலும் கடைசி எழுத்தை வண்டு முரல்வது போல அதிரவிட வேண்டும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. 1901 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில நாளிதழ் ஒன்று இதை முதலில் முன்மொழிந்தது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று தெரியாதபோது அசட்டுத்தனம் நேராமல் தப்பிக்க ஒரு வழி என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். உரிமை பற்றிய பேச்சே இல்லை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1961-இல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற இளம்பெண் தன் அறைத்தோழிக்கு வந்த தபாலில் இந்த இரண்டெழுத்தைப் பார்த்தார். அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தார். பெற்றோர் மணமாகாமல் பிறந்தவர் அவர்; தகப்பனுக்கும் உரியவளாக இல்லாமல், கணவனுக்கும் உரியவளாக விரும்பாமல் இருந்த தனக்கு இதுவே பொருத்தம் என்று பிடித்துக்கொண்டார். 1969 வாக்கில் நியூயார்க் வானொலி ஒன்றில் அவர் இதைப் பற்றிப் பேசியது பெண்ணுரிமைப் போராளி குளோரியா ஸ்டைனமின் வட்டத்துக்கு எட்டியது. அவர்கள் தொடங்கவிருந்த பெண்கள் பத்திரிகைக்கு இதுவே பெயராயிற்று. 1972-இல் பத்திரிகை தனியாக வெளிவந்தது.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் அசையவில்லை. 1984-இல் ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது அதற்கு வந்தது வினை. ஃபெராரோ என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். கணவர் பெயர் ஸக்காரோ. மணமானவர் என்பதால் மிஸ் ஃபெராரோ தவறு. அவர் ஃபெராரோவின் மனைவி இல்லை என்பதால் மிஸஸ் ஃபெராரோவும் தவறு. மிஸஸ் ஸக்காரோ என்று எழுதினால் யாரைச் சொல்கிறார்கள் என்றே வாசகருக்குப் புரியாது. இரண்டு ஆண்டு முரண்டுபிடித்துவிட்டு 1986 ஜூன் 20-ஆம் தேதி அந்த நாளிதழ் இறங்கிவந்தது.

ஸ்பின்ஸ்டர் அரசாங்கத்திலிருந்து ஓய்வுபெற்றது இன்னும் தாமதமாக. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேட்டில் பேச்சலர், ஸ்பின்ஸ்டர் இரண்டும் 2005 டிசம்பர் வரை இருந்தன. ஒரே பாலினத்தவரின் இணைவைப் பதியும் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்ததை ஒட்டி இரண்டையும் எடுத்துவிட்டு எல்லோருக்கும் ‘சிங்கிள்’ என்று வைத்தார்கள். பேச்சலர் பேச்சுவழக்கில் நலமாக இருக்கிறது. ‘எலிஜிபிள் பேச்சலர்’ என்றால் பெண் வீட்டார் கண்வைக்கும் மாப்பிள்ளை. ‘கன்ஃபர்ம்டு பேச்சலர்’ என்பதற்கு பிரிட்டிஷ் நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகளில் ஒரு குறிப்புப் பொருள் இருந்தது: இறந்தவர் ஆண்களை விரும்பியவர் என்பதை வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலத்தில் சொல்லாமல் சொல்லும் வழி. பெண்களுக்கு 19-ஆம் நூற்றாண்டு இறுதியில் ‘பேச்சலர் கேர்ள்’, பிறகு 1930-களில் அமெரிக்கர் உண்டாக்கிய ‘பேச்சலரெட்’. ஸ்பின்ஸ்டரைச் சீர்திருத்துவதைவிட ஆண் சொல்லுக்கு வால் ஒட்டுவது எளிதாக இருந்திருக்கிறது.

இந்தியாவில் ஸ்பின்ஸ்டர் இன்னும் சட்டப் புத்தகத்தில் உண்டு. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கடைசியில், திருமண அறிவிப்பை எப்படி நிரப்ப வேண்டும் என்று ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. மாப்பிள்ளை ஜேம்ஸ் ஸ்மித், மனைவியை இழந்தவர், தச்சர், கல்கத்தா கிளைவ் தெரு. மணப்பெண் மார்த்தா கிரீன், ஸ்பின்ஸ்டர், மைனர், ஹேஸ்டிங்ஸ் தெரு. இருவருமே கற்பனை ஆட்கள். ஜேம்ஸுக்குத் தொழில் கட்டத்தில் தச்சர் என்று இருக்கிறது. மார்த்தாவுக்கு அந்தக் கட்டம் காலி. பக்கத்துக் கட்டத்திலேயே நூற்பவள் என்று எழுதிவிட்டு, தொழில் ஒன்றுமில்லை என்று காட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பேச்சலர் என்ற சொல் தன் போக்கில் போயிருக்கிறது. சென்னையில் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் கேட்பது ‘ஃபேமிலியா, பேச்சலரா?’ பொண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் ஐம்பது வயதுக்காரரும் அந்தக் கணக்கில் பேச்சலர்தான். தனிக் குடித்தனம் இல்லாத ஆண் என்ற பழைய பொருளுக்கு இது சாசர் காலத்து ஆங்கிலத்தைவிட நெருக்கம். பெண்கள் அதே நிலையில் தங்கும் இடத்தின் போர்டில் ஸ்பின்ஸ்டர் என்றும் இல்லை, பேச்சலரெட் என்றும் இல்லை. ‘வொர்க்கிங் விமன்ஸ் ஹாஸ்டல்’ என்று அவர்கள் பார்க்கும் வேலையைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள்.